பாக்கி: இல்லை

ஒரு நாய்க்குத்தான் பணம் இருந்தது.
தண்டர் பே காப்பகத்தில்
பதினொன்றாம் கம்பிக்கதவுக்குப் பின்னால்
இரண்டு இருந்தன.

கிழவன் பிரிகேடியர், ஒற்றைக் கண்.
பக்கத்தில் பட்டன்: காதுகள் மட்டும் வளர்ந்துவிட்ட
ஒரு பழுப்புநிறப் பதற்றம்.
கிழவன் முகர்ந்து பார்க்காத தட்டில்
அவள் வாய் வைப்பதில்லை.
பிரித்துக் கொடுக்க மாட்டோம் என்றாள் ஓடெட்,
கையுறையைக் கழற்றியபடி,
ஜோடிச் செருப்பைப் பற்றிச் சொல்வதுபோல.

காகித ஆலையில் கார்லோவின் ஷிஃப்ட்
வாரத்துக்கு மூன்றாகச் சுருங்கியிருந்தது.
காரின் பின்சக்கரங்களில் இன்னும் கோடைக்கால டயர்கள்.
வெளியே பிப்ரவரி.
இரண்டென்றால் கையைக் கடிக்கும் என்றான்
என் காதோரம்.
டில்டா கம்பிக்குள் விட்டிருந்த கையை
இரண்டுமே கடிக்கவில்லை.

உதவித்தொகைக்கு ஒரு படிவம் உண்டு.
வேலி உண்டா? உயரம் என்ன?
(நான்கடி. இப்போது பனிக்கு மேல் ஒரு சாண்.)
முன்பு வளர்த்த பிராணிகள், அவை எப்படி இறந்தன.
அப்புறம் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம்:
உங்களுக்கு ஏன் உதவி தேவை?

மின்கட்டணத்தை எழுதி அடித்தேன்.
கார்லோவின் ஷிஃப்டை எழுதினேன்,
அவன் பார்ப்பானே என்று அதையும் அடித்தேன்.
கட்டத்தில் இடமே இல்லாமல் போனபின்
ஓரத்தில் எழுதினேன்:
இரண்டு இருக்கின்றன.

ஒன்பது நாள் கழித்து ரசீது வந்தது.
நீங்கள் செலுத்தியது முன்னூற்று இருபத்தைந்து டாலர்.
அதே அளவு, ஹம்ஃப்ரி நினைவு நிதியிலிருந்து.
பாக்கி: இல்லை.

யார் ஹம்ஃப்ரி?
ரயில்வேயில் இருந்திருப்பார், பெரிய மீசை, என்றான் கார்லோ.
நாய்தான், என்றாள் டில்டா. குட்டைக் கால்.
வெஸ் பூனை என்றான்; எதையும் மறுக்கிற வயது.
ஓடெட்டுக்கும் தெரியவில்லை.
ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு காசோலை வரும்,
சட்பரியிலிருந்து, கையெழுத்து புரியாது,
உறையில் எப்போதும்
ஒட்டுநாடா தேவைக்கு மேல்.

வீட்டுக்கு வந்த முதல் இரவு
நாய் படாத பாடு பட்டது நாங்கள்.
பட்டன் குளியலறைக் கதவின் கீழ்ப்பாதியைத் தின்றாள்.
கிழவன் கண்ணில்லாத பக்கமாய் நடந்து
ஃபிரிட்ஜில் மோதி
அதனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றான்.
அவனுக்கு இருமல். இருமலுக்கு நிதி கிடையாது.
மாத்திரை நாற்பத்திரண்டு டாலர்.
சீஸில் பொதிந்து கொடுத்தால்
சீஸ் உள்ளே போகும், மாத்திரை
சுத்தமாகத் தரையில் கிடக்கும்.

நாய் நன்றியுள்ளது என்பார்கள்.
எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை.
சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் தாமதமாக
சொந்த வீட்டுக்கு வந்துசேர்ந்தவர்கள் மாதிரி
சோபா முழுக்கக் கிடக்கிறார்கள்.
நன்றி எங்கள் பக்கம்தான் தவிக்கிறது,
ஆட்ட ஒரு வால் இல்லாமல்.

ஏரியில் பனி உடைந்த வாரம்
வரிப்பணம் கொஞ்சம் திரும்பி வந்தது.
முதலில் டயர்: குளிர் முடிந்தபின் குளிர்கால டயர்கள்,
பாதி விலைக்கு.
பிறகு ஓர் உறையில் இருபது டாலர்.
கார்லோ பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
சட்டைப்பையைத் துழாவி
ஐந்தை எடுத்து வைத்தான், சலவையில் நனைந்து
காய்ந்த ஐந்து.

இதற்கும் ஒரு படிவம்.
கடைசி வரி: யாருடைய நினைவாக?

மேசைக்கடியில் கிழவன்
என் பாதத்தின் மேல் தலையை வைத்தபடி
இருமினான், பெருமூச்சு விட்டான், தூங்கிப்போனான்.
கால் மரத்துவிட்டது. எடுக்கவில்லை.

இன்னும் இல்லை, என்று எழுதினேன்.
உறையை மூடி
ஒட்டுநாடாவைக்
கொஞ்சம் அதிகமாகவே ஒட்டினேன்.